டேக்குக்கு வைத்த பட்டை

ஒரு வேன் வருகிறது. ஹாரன் அடிக்கவில்லை. டிரைவர் கண்ணாடியை இறக்கி அட்டை எதையும் நீட்டவில்லை. கேட்டின் குறுக்கே படுத்திருந்த சிவப்பு வெள்ளைக் கம்பம் தானாக எழுந்து வழிவிடுகிறது. வேன் உள்ளே போனதும் மறுபடி படுத்துக்கொள்கிறது.

அந்தக் கேட்டை நிறுவியவர்களில் நானும் ஒருத்தி. ஒரகடத்தில் கார்களுக்கான வயரிங் செய்யும் தொழிற்சாலை அது. சென்னையில் இருந்த ஒரு சின்னக் கம்பெனியின் சைட் இன்ஜினியராக என்னை அங்கே அனுப்பியிருந்தார்கள். சைட் இன்ஜினியர் என்றால் ஏணியையும் நானே தூக்க வேண்டும் என்று அர்த்தம். தினமும் வாலாஜாபாத்திலிருந்து பஸ் பிடித்து வருவேன். கேபிளை இழுத்தது, கம்பத்தின் உச்சியில் சாப்பாட்டுத் தட்டு அளவுள்ள வெள்ளை ஆன்டெனாவைத் திருகியது எல்லாம் எங்கள் கைதான். உள்ளே என்ன நடக்கிறது என்று கல்லூரியில் படித்து, பரீட்சை எழுதி, பாஸும் ஆகியிருந்தேன். அப்படியிருந்தும் முதல் வேனுக்குக் கம்பம் எழுந்தபோது கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றேன்.

டேக் என்பது விரல் நீள ஸ்டிக்கர். வேனின் முன் கண்ணாடியில் உட்பக்கமாக ஒட்டுவோம். அதில் பேட்டரி கிடையாது. நடுவில் இருக்கும் சிப் கடுகைவிடச் சின்னது. ஆன்டெனா ஓர் அலையை வீசுகிறது. பசித்துக் கிடக்கும் அந்தக் கடுகு, தன்மேல் வந்து விழுந்த அலையையே தின்று, அந்தத் தெம்பில் தன் நம்பரைச் சொல்லிவிட்டு மறுபடி தூங்கப் போய்விடுகிறது. அது சொன்ன நம்பரைக் கம்ப்யூட்டர் பிடித்துக்கொள்கிறது. அடுத்த நொடி செக்யூரிட்டி அறையின் திரையில் வண்டியின் முழுச் சரித்திரமும் வந்து நிற்கும்: பதிவு எண், சொந்தக்காரர், எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எதுவரை, இன்சூரன்ஸ் எதுவரை, எந்த ரூட், டிரைவரின் முகம். எஃப்.சி. முடிந்த வண்டிக்குக் கம்பம் எழாது. ஆர்.டி.ஓ. ஆபீசில் எங்கப்பா மொபெட்டைப் பதிவு செய்யப் போய் அரை நாள் ஜன்னல் ஜன்னலாக அலைந்ததைக் கூட நின்று பார்த்தவள் நான். அதே விவரம் இங்கே ஓடும் வண்டியிலிருந்து கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு வந்து விழுகிறது. எனக்குத் தாங்கவில்லை. வீட்டுக்குப் போனால் சாப்பிடும்போதும் இதையே பேசி அம்மாவிடம் திட்டு வாங்குவேன்.

அந்தச் சாலையில் நின்று பார்த்தால் இந்த வியப்பு இன்னும் கூடும். பக்கத்துத் தொழிற்சாலைகளிலிருந்து புதுக் கார்கள் ட்ரெய்லர் லாரியில் அடுக்கடுக்காக ஏறித் துறைமுகத்துக்குப் போகும். ஒன்றுக்கும் நம்பர் பிளேட் இருக்காது. பிறந்த அன்றே ஊரைவிட்டுப் போகும் பிள்ளைகள் மாதிரி, இன்னும் பெயர் வைக்காமல். அவற்றை முந்திக்கொண்டு எங்கள் வேன்கள் வரும். இவற்றுக்கோ மூன்று பெயர்கள். இரும்பில் அடித்த சேசிஸ் நம்பர், மஞ்சள் போர்டில் எழுதிய அரசாங்க நம்பர், கண்ணாடியில் நாங்கள் ஒட்டிய டேக்.

வருங்காலத்தில் நம்பர் பிளேட்டே ஒரு திரையாகிவிடும் என்று போனில் எதையோ படித்துவிட்டு, கேட்டில் இருந்த செக்யூரிட்டி அண்ணாச்சியிடம் மூச்சு வாங்காமல் சொன்னேன். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பொறுமையாகக் கேட்டார்.

“எழுத்து மாறுமாக்கும்?”

“ஆமா அண்ணாச்சி. எஃப்.சி. முடிஞ்சா பிளேட்டே காட்டிக் கொடுத்துரும். வண்டி திருடு போனா அதையும் காட்டும்.”

“சரி. கரண்டு போச்சுன்னா வண்டிக்குப் பேரு போயிருமோ?”

மின்வெட்டு மும்முரமாக இருந்த காலம். செக்யூரிட்டி அறையின் ஃபேன் அப்போதும் நின்றுபோய்த்தான் இருந்தது. “அதுக்கு ஏதாவது ரூல் போடுவாங்க” என்றேன்.

“போடட்டும், போடட்டும்” என்று தொப்பியால் விசிறிக்கொண்டார்.

எங்கள் கேட்டுக்கும் ரூல் இருந்தது. டேக் படித்தால்தான் வண்டி வந்ததாகக் கணக்கு. படிக்காத வண்டிக்கும், உள்ளே இருக்கும் ஆட்களுக்காகக் கம்பத்தைக் கையால் திறந்து விடலாம். ஆனால் வாரம் முழுக்க ஒரு வண்டி படிக்கப்படாமலே இருந்தால், சனிக்கிழமையோடு அதன் பதிவைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட்டு ரூட்டை வேறு வண்டிக்குக் கொடுத்துவிடுவார்கள். தொழிற்சாலையின் டிரான்ஸ்போர்ட் அதிகாரி எழுதிய ரூல். வராத வண்டியை வந்ததாகச் சொல்லும் பழைய தகிடுதத்தங்களை ஒழிக்க எழுதியது. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

பென்னலூர் ரூட்டில் ஓடியது ஒரு வெள்ளை வேன். மற்ற வேன்களெல்லாம் ஒரே டிராவல்ஸ் முதலாளியுடையவை. இது மட்டும் ஓட்டுபவருக்கே சொந்தம். மணிமங்கலத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். பல வருஷம் அடுத்தவர் வண்டியை ஓட்டிவிட்டு அப்புறம் வாங்கியது. ரூல் என்றால் அவருக்கு அப்படி ஒரு மரியாதை. டேக் ஒட்டப் போன அன்று என்னை வண்டியின் முன்னால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

“பாத்துக்கம்மா. நம்பர் பிளேட்டுல ஒரு பூ கெடையாது, புலி கெடையாது, சாமி பேரு கெடையாது. ஆர்.டி.ஓ.ல இன்னா சைசு சொன்னாங்களோ அதே சைசு. சாமிய எங்க வெக்கணுமோ அங்க வெச்சுகினேன், உள்ள.”

உள்ளே டாஷ்போர்டில் ஒரு பிள்ளையார் இருந்தார்.

பென்னலூரில் வாடகை அறைகளில் தங்கியிருந்த பெண்கள் அந்த வேனில் வருவார்கள். எல்லாம் தேனி, திண்டுக்கல், ராமநாதபுரம் பக்கம். வயதில் என்னைவிட ஒன்றிரண்டு குறைவு. அதில் ஒரு தேனிக்காரப் பெண் எப்போதும் முன்சீட்டில் உட்காருவாள். டிரைவரின் பாட்டுக் கேசட் முதல் பிரேக் பிடிப்பது வரை எல்லாவற்றையும் கிண்டல் செய்வது அவள் வேலை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குத் தொழிற்சாலையில் லைன் லைனாகத் தோரணம் கட்டினார்கள். மெஷின், ட்ராலி, ஸ்டேப்ளர், ஒன்றையும் விடாமல் சந்தனம், குங்குமம். வாசலில் வேன்கள் வரிசையாக நின்று எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி இறங்கின. என் ஏணிக்கும் யாரோ பொட்டு வைத்துவிட்டார்கள். விடுமுறை முடிந்து திரும்பினால் மழை பிடித்துக்கொண்டது.

அந்தத் திங்கட்கிழமை பென்னலூர் வேனுக்குக் கம்பம் எழவில்லை.

டிரைவர் முன்னே வந்தார், பின்னே போனார், மறுபடி வந்தார். கம்பம் அசையவில்லை. அண்ணாச்சி கைப்பிடியைத் திருப்பித் திறந்துவிட்டார். செவ்வாயும் அப்படியே. அவருக்கு முன்னால் வந்த வேனும் பின்னால் வந்த வேனும் சர்ர்ரென்று உள்ளே போயின.

“இன்னாமா இது? போன வாரம் வரிக்கும் சலாம் போட்டுச்சு. இப்ப என்னிய பாத்தா மூஞ்சிய திருப்பிக்குது.”

“மழையா இருக்கும்ணே. பாக்குறேன்.”

மழைதான் என்று நினைத்தேன். ஏணியில் ஏறி ஆன்டெனாவைத் திறந்தேன். பொட்டுத் தண்ணீர் இல்லை. தண்ணீர் இருந்தால் எல்லா வண்டிக்கும்தானே படிக்காமல் போக வேண்டும். அப்புறம் கை ரீடரை எடுத்துக்கொண்டு வேனுக்குள் ஏறி, டேக்கோடு ஒட்டிப் பிடித்தேன். ‘பீப்’ என்றது. நம்பர் வந்தது. டேக் உயிரோடுதான் இருந்தது. கேட்டுக்கு முன்னால் போனால் மட்டும் வாயைத் திறக்க மறுத்தது.

புதனன்று டிரான்ஸ்போர்ட் அதிகாரி கேட்டுக்கே வந்துவிட்டார். குடையை மடக்காமலே பேசினார். “மூணு நாளா இந்த வண்டி வரலையே.”

“இதோ நிக்குதே சார்” என்றார் டிரைவர்.

“சிஸ்டத்துல வரல. ரீட் ஆகலன்னா வரலன்னுதான் அர்த்தம்.”

“அப்ப உள்ள உக்காந்துகினு கீற பொண்ணுங்க இத்தினி பேரும் ஆகாசத்துலேந்தா சார் குதிச்சாங்க?”

வேனுக்குள் சிரிப்புச் சத்தம் எழுந்தது. அதிகாரி சிரிக்கவில்லை. கெட்ட மனிதர் இல்லை அவர். ஒருத்தருக்கு வளைத்தால் நாளைக்கு எல்லோரும் வந்து நிற்பார்கள் என்ற பயம். “ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான். சனிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு. வேற வண்டி ரெடியா இருக்குன்னு டிராவல்ஸ்ல சொல்லிட்டாங்க” என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

டிரைவர் ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்தார். “இந்த ரூட்டு பூட்சுன்னா வண்டிய வித்துட்டு மறுபடி அந்த டிராவல்ஸ்காரன் வண்டிக்கே டிரைவரா போவணும்மா” என்றார். சத்தம் போடாமல் சொன்னார். அதற்கப்புறம் ஃபேன் நின்றதோ, பஸ்ஸைத் தவறவிட்டதோ எதுவும் என் மண்டையில் ஏறவில்லை.

வேறு டேக் ஒட்டிப் பார்க்கலாம் என்றால், ஒட்டியதை உரித்தால் அது செத்துவிடும். திருடக் கூடாது என்பதற்காக அப்படித்தான் செய்திருக்கிறார்கள். புதியது வாங்க மறுபடி பதிவுக்கு எழுதிப் போட வேண்டும், சனிக்கிழமைக்குள் வராது. அண்ணாச்சியிடம் புலம்பினேன்.

“வண்டிய எனக்குத் தெரியும், டிரைவரத் தெரியும், போர்டுல உள்ள நம்பரத் தெரியும்” என்றார் அவர். “எனக்குத் தெரிஞ்சு என்னம்மா செய்ய? நான் கண்ணால பாத்தது கணக்குல இல்லன்னுல்லா எழுதிப் போட்டுருக்காவ.”

அது என்னைச் சுருக்கென்று தைத்தது. எனக்குப் பிடித்த ரூல் அது.

வெள்ளிக்கிழமை காலை ஒரு முடிவோடு பென்னலூருக்கே போய்விட்டேன். டேக்கைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டு வேனிலேயே கேட்டுவரை வருவது என்று திட்டம். முன்சீட்டை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டுத் தேனிக்காரப் பெண் இன்ஜின் மேல் போட்டிருந்த மெத்தையில் உட்கார்ந்தாள்.

“அக்கா, டாக்டர் மாதிரி பக்கத்துலயே ஒக்காந்து வாரீங்க. பொழைக்குமா?”

“வாய மூடுறியா நீ?” என்றார் டிரைவர்.

“அண்ணே, நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க. பேஷண்ட நாங்க பாத்துக்கிறோம்.”

இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்தது. ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி ஒரகடம் ரோட்டில் திரும்பியதும் மேகம் பிளந்து வெயில் நேராக முன் கண்ணாடியில் அடித்தது. எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டோம். கண்ணாடியில் ஒட்டியிருந்த தாள்களெல்லாம் விளக்குப் போட்ட மாதிரி ஒளிர்ந்தன. பர்மிட் ஸ்டிக்கர், பொல்யூஷன் ஸ்டிக்கர், எழுத்தெல்லாம் தெரிய. அவற்றின் நடுவில் எங்கள் டேக் மட்டும் ஒளிரவில்லை. அதன் வெள்ளை முதுகில் மூன்று கறுப்புக் கோடுகள், ஒன்றன் கீழ் ஒன்றாக, நடுவில் வட்டமாக ஒரு நிழல்.

சில நொடி பார்த்தேன். திருநீற்றுப் பட்டையும் பொட்டும்.

“அண்ணே, வண்டிய ஓரமா நிறுத்துங்க.”

“இன்னாச்சு?”

“நிறுத்துங்கண்ணே.”

இறங்கி முன்னால் ஓடிப் பார்த்தேன். டேக் இருந்த இடத்தில், கண்ணாடியின் வெளிப்பக்கம், பளபளவென்று வெள்ளிப் பட்டை. விரல் அகலத்தில் மூன்று துண்டு, சுத்தமாக வெட்டி ஒட்டியது. நடுவில் பெரிய சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு. இந்த வேனின் முன்னால் அந்த வாரம் முழுக்க நடந்திருக்கிறேன். ஆயுத பூஜை முடிந்த வண்டியின் நெற்றியில் பட்டை இருந்தால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

“இது யார் ஒட்டினது?”

தேனிக்காரப் பெண் மெதுவாக இறங்கி வந்தாள். துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்.

“நாங்கதேன்க்கா. எல்லாத்துக்கும் பொட்டு வெச்சோம், லைட்டு, ஸ்டியரிங்கு, டயரு. கேட்டத் தெறக்குறது இந்த ஸ்டிக்கருதான? அதுக்கு வெக்காம விட்டா நல்லாவா இருக்கும்? முருகன் பட்டையத் திருநீறுல போட்டா மழையில கரைஞ்சுரும்னு…”

“சரி, இந்த வெள்ளித்தாள்?”

கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் லைனில் கார் வயர்கள் சிலவற்றின்மேல் ஒரு வெள்ளி டேப்பைச் சுற்றுவார்கள். வெளியிலிருந்து வரும் ரேடியோ அலை உள்ளே புகாமல் தடுக்க. பூஜைத் தோரணத்துக்கு என்று ஒதுக்கிய வெட்டுத் துண்டுகளில் ஒன்று வேன் வரைக்கும் வந்துவிட்டது.

“நீ தினமும் அதை எதுக்குச் சுத்துற?” என்று கேட்டேன்.

“அலை உள்ள போகாம இருக்க…” என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றாள். கண்ணாடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த நிமிஷம் ரோட்டோரம் நின்றபடி இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

டிரைவருக்குச் சிரிப்பு வரவில்லை. “அப்ப சாமிய உரிக்கணும்னு சொல்றியா?” என்றார். “பூஜ போட்டு வெச்சது. இன்னிக்கி வெள்ளிக்கெயம வேற.”

அறிவியலை எடுத்து விளக்க வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தப் பெண்ணே முந்திக்கொண்டாள். “எதுக்குண்ணே உரிக்கணும்? கொஞ்சம் நகந்து ஒக்காரச் சொல்லுவோம். முருகன் என்ன, எடம் பத்தலன்னு கோவிச்சுக்கிட்டு மலையேறிருவாரா?”

“ஏறினவரு தானே அவரு” என்றார் டிரைவர். ஆனால் முகம் இளகிவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டுப் பம்பரின்மேல் ஏறி, கண்ணை மூடி ஒரு நிமிஷம் நின்றார். அப்புறம் பட்டையை நகத்தால் நெம்பி, கிழியாமல் முழுசாக எடுத்தார். கண்ணாடிக்கு மேலே, கூரை விளிம்பின் தகரத்தில், நட்டநடுவில் ஒட்டினார். தூரமாக வந்து நின்று பார்த்தார். “இதான் கரீட்டான நெத்தி” என்றார்.

கேட்டை நெருங்கினோம். அண்ணாச்சி வழக்கம்போல் கைப்பிடியை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தார். டிரைவர் எப்போதும் நிற்கும் கோட்டுக்கு வந்து பிரேக்கில் கால் வைத்தார்.

கம்பம் எழுந்தது.

அண்ணாச்சி நடந்த இடத்திலேயே நின்றுவிட்டார். எனக்கு அது முதல் நாள் பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தது. அன்றைக்கு அலை கண்ணாடியைத் தாண்டுவதைப் பார்த்து மலைத்தேன். ஓடும் வண்டியின் பெயரைக் கேட்டுவிடும் அந்த அலையை, தாளைவிட மெல்லிய வெள்ளி ஒன்று நிறுத்திக் காட்டியிருந்தது. இரண்டில் எது பெரிய அதிசயம் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

அதிகாரி வந்தார். திரையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார்.

“என்ன ப்ராப்ளம்?”

“டேக்குக்கு நேரா ஒரு வெள்ளித்தாள் இருந்தது சார். எடுத்தாச்சு.”

தாள் எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பின்னால் துப்பட்டாக்கள் அவசரமாக லைனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.

“குட். ஆனா திங்கள்லேந்து நேத்து வரைக்கும் வந்ததா ரெக்கார்டு இல்லையே. அந்த நாளுக்கு வாடகை எப்படிப் போடுறது?”

டிரைவர் என்னைப் பார்த்தார். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். மூன்று பேரில் அதிகம் படித்தவள் நான், வாய் அதிகமும் எனக்குத்தான்.

“சார், தினமும் கையால திறந்தது இவர்தான். வண்டி வந்ததால்தானே திறந்தார்? டேக் பேசலன்னா மஞ்சள் போர்டைப் பார்த்து இவர் நம்பரை அடிக்கிற மாதிரி நான் சிஸ்டத்துல ஒரு வழி வச்சுத் தரேன். கவர்மெண்ட் நம்பர் சார் அது. நம்ம டேக்குக்கு முன்னாடியே வண்டிக்கு இருக்கிற பேரு.”

“தப்பா அடிச்சா?”

“கேமரா இருக்கே சார். போர்டோட படமும் சேந்து விழும்.”

அவர் யோசித்தார். அந்த இடைவெளியில் அண்ணாச்சி இருமினார். “நான் அடிச்சா தப்பு வராது சார். எல்லா வண்டி நம்பரும் எனக்குப் பாடம்லா” என்றார். அதிகாரி அவரைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். “சரி, போன நாலு நாளையும் அப்படியே போட்டுருங்க. ரூட்டை மாத்த வேணாம்னு டிராவல்ஸ்ல சொல்லிடுறேன்” என்றார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, “எல்லா வேன்லயும் ஒட்ட ஒரு நோட்டீஸ் எழுதுங்க. டேக் மேல எதுவும் ஒட்டக்கூடாதுன்னு” என்றார்.

உட்கார்ந்து அதை எழுத ஆரம்பித்தேன். டிரைவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார்.

“ஒட்டக்கூடாதுன்னு எழுதினா எவன் கேப்பான்? அடுத்த ஆயுத பூஜைக்கும் ஒட்டத்தான் செய்வானுங்கோ. எங்க ஒட்டணும்னு எழுது.”

அப்படியே எழுதினேன். ‘டேக்குக்கு ஒரு ஜாண் தள்ளிப் பொட்டு வைக்கவும். வெள்ளித்தாள், ஜிகினா வேண்டாம்.’ அதிகாரி படித்து, நெற்றியைச் சுருக்கி, ஓர் எழுத்தும் மாற்றாமல் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வருஷம் எனக்கு வேறு இடத்தில் வேலை. நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளிலும் டேக் வரப்போகிறது என்று எங்கள் கம்பெனி என்னை அங்கே இழுத்துக்கொண்டிருந்தது. ஆயுத பூஜை விடுமுறை முடிந்த மறுநாள் மட்டும் பழைய கேட்டில் ஒரு சின்ன ரிப்பேர் என்று கூப்பிட்டார்கள். ஏணியின் மேல் நின்றபடி பார்த்தேன். வேன்கள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாவற்றின் கண்ணாடியிலும் டேக்கிலிருந்து சரியாக ஒரு ஜாண் தள்ளி, சந்தனமும் குங்குமமும். மணிமங்கலத்துக்காரரின் வேனில் மட்டும் மேலே நெற்றியில் அதே பழைய வெள்ளிப் பட்டை. முன்சீட்டிலிருந்து ஒரு கை என்னை நோக்கி ஆடியது. அவர் பிரேக்கில் கால் வைக்கவே இல்லை. அவ்வளவு நம்பிக்கை. அவர் வந்து சேரும் முன்பே கம்பம் எழுந்து நின்றுவிட்டது.